ஸ்டீரிங் ப்ளே

எங்கள் வீட்டுப் பரண்மேல் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு நாளும் வேலை செய்யாத ஒயர் ஒன்று சுருண்டு கிடக்கிறது. ஒரு முனையில் நீலக் கொண்டை, கொண்டைக்குள் மூன்று வரிசையாக 15 ஊசிகள். மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வால். 2012-ல் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையொன்றில் 150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இனிமேலும் தெரிய வேண்டாம்.

நான் 1995-ல் பிறந்தவன். பெரம்பலூர் மாவட்டமும் அதே ஆண்டுதான் திருச்சியிலிருந்து பிரிந்து தனியானது. அரியலூர் 2001-ல் எங்களை விட்டுப் போனது, 2002-ல் திரும்பி வந்தது, 2007-ல் மறுபடி போய்விட்டது. “உங்கம்மா கோவிச்சுக்கிட்டு கல்லங்குறிச்சிக்குப் போயிட்டு வர்ற மாதிரி” என்பார் அப்பா. அம்மா பிறந்த ஊர் கல்லங்குறிச்சி, அரியலூரை ஒட்டியது. எங்கள் வீடு குன்னம் பக்கம். அப்பாவுக்கு டிப்பர் லாரி ஓட்டும் வேலை. சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு, மறுபடி சுரங்கத்துக்குப் போவார். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதுதான் அவர் சம்பளக் கணக்கு. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மாவட்டமும் உண்டு. சாப்பாடு பெரம்பலூரில், சம்பாத்தியம் அரியலூரில்.

எங்களுக்குக் கிடைத்த முதல் டிவி அரசாங்கம் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. 2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவுக்கு வர மேலும் இரண்டு வருடம் ஆனது. டிராக்டரில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கியதும், ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாயி வரிசையில் நின்றதும் நினைவிருக்கிறது. அதே வருடம் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் தேர்த் திருவிழாக் கடையில் மாமா எனக்கு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு ரிமோட்டு, ஒரு துப்பாக்கி. கேசட்டின்மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை இருபதோ முப்பதோதான். மற்றதெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயர். ஏமாந்தோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 9999 வரை போய்ப் பார்ப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாத்து பறக்கும், சுட்டால் விழும். துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒரு கதிர் கிளம்பி டிவிக்குள் போகிறது என்றுதான் தெருப் பிள்ளைகள் எல்லோரும் நம்பியிருந்தோம். உண்மை நேர்மாறு. விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் வாத்து செத்தது. டிவிதான் துப்பாக்கியைச் சுடுகிறது. பழைய பெட்டி டிவி சொன்ன கணத்தில் வெளிச்சம் காட்டும், அதனால் அது நடந்தது. பல வருடம் கழித்து புதிய எல்இடி டிவியில் அதே பெட்டியை மாமா பையன் மாட்டிப் பார்த்தான். ஒரு வாத்துகூட விழவில்லை. திரைக்கு மூக்கு முட்ட நின்று சுட்டும் விழவில்லை. புது டிவி படத்தை வாங்கி, யோசித்து, அலங்காரம் பண்ணி, ஒரு நொடியின் ஏதோ ஒரு பங்கு தாமதமாகத்தான் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. இந்தத் தாமதம் பின்னால் மறுபடி வரும்.

பன்னிரண்டாம் வகுப்பில் லேப்டாப் வந்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு 2012-ல் கொடுத்தார்கள். முதலமைச்சர் படம் போட்ட பை, அதற்குள் 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம். பாடம் படிக்கத்தான் கொடுத்தார்கள். வாங்கிய மூன்றாம் நாளே எங்கள் வகுப்பில் இருந்த அத்தனை லேப்டாப்பிலும் ‘கிரிக்கெட் 07’ ஏறிவிட்டது. யாரிடமிருந்து முதலில் வந்தது என்று தெரியாது. பென்டிரைவ் வழியாக ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. அந்த விளையாட்டில் இந்திய வீரர்களின் நிஜப் பெயர்கள் இருக்காது, உரிமம் வாங்கவில்லை என்பதால் எழுத்தைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். பெயர்களைச் சரிசெய்து, ஐபிஎல் சட்டையும் மாட்டிவிட்ட ‘பேட்ச்’ தனியாக ஒரு பென்டிரைவில் சுற்றியது.

14 அங்குல லேப்டாப்பில் ஐந்து பேர் சேர்ந்து விளையாடினால் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு நிறம் மாறி, பச்சை மைதானம் வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் அந்த ஒயர். லேப்டாப்பின் பக்கவாட்டில் நீல விஜிஏ ஓட்டை இருந்தது, அரசாங்க டிவியின் முன்னால் மஞ்சள், வெள்ளை ஓட்டை இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஆச்சு. எங்கள் டிவியும் 14 அங்குலம்தானே, அதில் என்ன பெரிதாகிவிடப் போகிறது என்று அப்போது ஒருவனும் கேட்கவில்லை. டிவி ஸ்டாண்டின்மேல் இருந்தது, எல்லோருக்கும் எதிரே இருந்தது. அது போதாதா?

சேர்த்தோம். திரையில் சாம்பல் கோடுகள் சாய்ந்து சாய்ந்து ஓடின. ஒயரை ஆட்டினோம், ஊதினோம், கழற்றி மாட்டினோம். கடைசியில் டிவி ரிப்பேர் பண்ணும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒயரைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “விஜிஏல சவுண்டே வராது. அப்பறம் இந்தச் செவப்பும் வெள்ளையும் எதுக்குடா தம்பி?”

பதில் இல்லை. கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர்தான் விளக்கினார். டிவிக்கு நொடிக்கு 15,625 கோடு வரையத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நம் ஊர் டிவியின் கணக்கே அதுதான், ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். விஜிஏ 1987-ல் பிறந்தபோதே குறைந்தது 31 ஆயிரம் கோட்டில் தொடங்கியது. போதாக்குறைக்கு அது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் அனுப்பும். டிவியின் மஞ்சள் ஓட்டையோ எல்லாவற்றையும் ஒரே கம்பியில் குழைத்துக் கேட்கும். “நடுவுல உக்காந்து மாவரைக்க ஒரு சர்க்யூட்டு வேணும். இது வெறும் ஒயரு” என்றார். திருச்சி சிங்காரத்தோப்பில் அப்படிப் பெட்டி கிடைக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைக்காரரைத் திட்ட எனக்கு மனது வரவில்லை. அவருக்கும் அது வெறும் ஒயர்தான். 15 ஊசி ஒரு பக்கம், மூன்று வால் மறுபக்கம், கேட்டவனுக்குக் கொடுத்தார்.

சிங்காரத்தோப்புப் பெட்டி மூன்று மாதம் கழித்து வந்தது. ஐந்து பேர் பங்கு போட்டோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, யுஎஸ்பியில் கரண்டு எடுத்துக்கொண்டது. படம் வந்தது. ஈர வேட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் எழுத்தெல்லாம் ஊறிப்போய் வந்தது. ஸ்கோர் தெரியாது. எத்தனை பந்தில் எத்தனை ரன் வேண்டும் என்பதை ஒருவன் தனியாக லேப்டாப்பை எட்டிப் பார்த்து அறிவிப்பான். மற்றபடி அந்த ஆட்டங்களின் சுகத்தை நான் பிற்பாடு எந்தத் திரையிலும் காணவில்லை. இதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த வருடக் கரண்ட் கட்டையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேலே. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, டிவியில் இல்லை. ஆக, நாங்கள் அரும்பாடுபட்டு இணைத்ததன் பலன், கரண்ட் போனாலும் ஓடக்கூடிய ஒரு விளையாட்டைக் கரண்ட் போனால் நின்றுவிடும் விளையாட்டாக மாற்றியதுதான். கடைசி ஓவரில் டிவி கண்ணை மூடும். லேப்டாப்பில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து தலைகளும் அதை நோக்கிப் பாய்வதற்குள் விக்கெட் போயிருக்கும்.

அப்பா இதிலெல்லாம் இல்லை. ராத்திரி நடை முடிந்து விடியலில் வருவார், புழுதி வெள்ளையாக முடியில் படிந்திருக்கும், குளித்துவிட்டுத் தூங்குவார். அவர் தூங்கும்போது சத்தம் கூடாது. நாங்கள் டிவியை ஊமையாக்கித்தான் விளையாடுவோம். எனக்கும் அவருக்கும் பேச்சு குறைவு. சண்டை ஒன்றுமில்லை, நேரம் அமையவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர் என்றால் அரியலூர் ரோட்டோர ஊர்களில் நல்ல பெயர் கிடையாது, அதுவும் காரணமில்லாமல் இல்லை. நடைக்குக் காசு என்று ஆனபிறகு வேகம் தானாக வந்துவிடுகிறது. விபத்து, மறியல், பேச்சுவார்த்தை என்று அந்தச் சாலைகளுக்கு ஒரு சரித்திரமே உண்டு. நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தபோது ஒரு நாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடி வந்திருக்கிறது. பிரேக் பிடித்து, லோடு தள்ள, லாரி ஒரு முழம் தூரத்தில் நின்றிருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அவர் என்னிடம் சொன்னதில்லை.

2018 தீபாவளிக்கு 43 அங்குல டிவி வாங்கினேன், தவணையில். அப்போது சென்னையில் வேலை. டிவி வீட்டுக்கு, நான் சென்னைக்கு. அடுத்த வருடம் எனக்காக ஒரு பழைய கேமிங் லேப்டாப் வாங்கினேன், அதுவும் யாரோ ஒருவர் தவணை கட்டி முடித்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தது 2020 மார்ச்சில். ஊரடங்குக்கு முந்தைய நாள் பஸ் பிடித்து வந்துவிட்டேன். ஆலைகளும் சுரங்கமும் நின்றன. நினைவு தெரிந்து முதல் முறையாக அப்பா பகலெல்லாம் வீட்டில் விழித்திருந்தார். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் இரண்டு மாவட்டத்திலும் எண்ணிக்கை குபீரென்று ஏறியபிறகு தெருவுக்குக்கூடப் போக முடியவில்லை. அவர் செய்தி பார்ப்பார், ரிமோட்டை வைப்பார், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார், திரும்ப வந்து ரிமோட்டை எடுப்பார்.

எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று பையில் இருந்தது. இந்த முறை மாவரைக்கப் பெட்டி வேண்டாம், சத்தமும் அதிலேயே போகும், மாட்டினால் ஆச்சு என்று நினைத்தேன். மாட்டப் போன கையில் சுள்ளென்று ஒரு கடி. ஒயரின் உலோக மூக்கு டிவியின் உலோகத்தைத் தொட்ட இடத்தில் கடுகளவு நீலப் பொறி. மறுபடி தொட்டேன், மறுபடி பொறி. அன்றைக்குப் படம் வந்தது. மறுநாள் மறுபடி கழற்றி மாட்டியபோது அந்த ஓட்டை செத்துவிட்டது. டிவியில் இரண்டு ஓட்டை இருந்ததால் பிழைத்தோம்.

ரிப்பேர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது நரை, கேள்வி மட்டும் அதே கூர்மை. “எர்த் இருக்கா?” வீட்டில் மூன்று ஓட்டை பிளக் எல்லாம் இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், அவை வழியே துளித்துளியாகக் கசியும் கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டியது. வழி இல்லையென்றால் உடம்பிலேயே தேங்கி, 230 வோல்ட்டில் பாதிவரை ஏறி நிற்கும். ஆளைக் கொல்லாது, கடிக்கும். டிவிக்கோ இன்னொரு பக்கம் கேபிள் ஒயர் வந்து சேருகிறது, கம்பத்துக்குக் கம்பம் தாண்டி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு. அது வேறொரு மட்டத்தில் நிற்கும். இரண்டையும் எச்டிஎம்ஐயில் முட்டவிட்டால் நடுவில் இருக்கும் சில்லுதான் சாகும். “எர்த் போடு. அதுவரைக்கும் மாட்டும்போது எல்லா பிளக்கையும் புடுங்கு, கேபிளையும் கழட்டு” என்றார்.

எர்த் குழி தோண்டுவதற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், அவை ஊரடங்கிலும் கிடைத்தன. ஜிஐ பைப் மாமா வீட்டிலிருந்து, அதாவது பக்கத்து மாவட்டத்திலிருந்து, பால் வண்டியில் வந்தது. அப்பாவும் நானும் கொல்லையில் தோண்டினோம். ஐந்தடிக்குக் கீழே களிமண், அதற்கு நடுவில் கண்ணாடிச் சில்லுபோல ஜிப்சம் தகடுகள் மின்னின. இன்னும் கொஞ்சம் போனால் துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கல் ஒன்று. அப்பா அதை எடுத்து வேட்டியில் துடைத்து, “இது மீன் சாதி” என்றார். மீன் இல்லை, கணவாய்க்குத் தூரத்து உறவான பெலம்நைட். சுமார் 10 கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. குன்னம், காரை, ஒதியம் பக்கமெல்லாம் மழை அரித்த ஓடைகளில் இது கிடைக்கும். கல்லங்குறிச்சியில் சிப்பி படுகை படுகையாகக் கிடக்கிறது. அந்தச் சிப்பியும் சுண்ணாம்பும்தான் அப்பா 30 வருடமாக ஏற்றிக் கொட்டிய லோடு. சுரங்கத்தில் சுருள் சுருளாக அம்மோனைட் பார்த்திருப்பதாகவும், முன்பெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்கு அண்டை கொடுத்ததாகவும் சொன்னார். எனக்கு அந்தக் கல் நினைவிருந்தது. அது என்னவென்றுதான் தெரியாமல் இருந்தது.

பைப்பை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். கடல் போன மண்ணுக்கு மறுபடி இரண்டு பை கல்லுப்பு. அம்மா தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள், செடிக்கு ஊற்றுவதுபோல. கடி நின்றது.

படம் வந்தபிறகு வேறு தொல்லை. விண்டோஸின் கீழ்ப்பட்டை பாதி வெளியே போயிருந்தது, ஸ்டார்ட் பட்டனைக் காணோம். பழைய பெட்டி டிவிகளில் ஓரம் மறைந்துவிடும் என்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் ஊதிக் காட்டும் பழக்கம், புது டிவிகளும் அதை விடவில்லை. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அதை நிறுத்தும் வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம். சத்தம் லேப்டாப்பிலிருந்தே வந்துகொண்டிருந்ததைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச நேரம். இதையெல்லாம் விலாவாரியாக எழுத ஒன்றுமில்லை, மாட்டியவர்கள் எல்லோரும் பட்டதுதான்.

நான் போட்டது ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’. 2012-ல் செக் நாட்டு பிராக் நகரத்து எஸ்சிஎஸ் என்ற கம்பெனி வெளியிட்டது. லோடு ஏற்று, ஓட்டு, இறக்கு, காசு வாங்கு. அவ்வளவுதான் ஆட்டம். இதைப் போய் ஒருவன் விளையாடுவானா என்று கேட்பவர்கள் உண்டு, நம் ஊரில் விளையாடுகிறவர்கள் ஏராளம். நம் அரசு பஸ்ஸை அச்சு அசலாகச் செய்து, அதே ஹாரனோடு ஜெர்மனி ரோட்டில் விடுகிற பையன்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு பஸ்ஸை ஏற்றி வைத்திருந்தேன்.

அப்பா ரிமோட்டைத் தேடி வந்தவர், நின்றார். 43 அங்குலத்தில் ஒரு லாரிக் கண்ணாடி, இரண்டு பக்கமும் மிரர், வைப்பர் ஆடுகிறது, பிரான்சில் மழை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இண்டிகேட்டர் போடாம லேன் மாத்துற” என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து சுங்கச்சாவடி வந்தது. “இங்கயும் திருமாந்துறையா!”

மறுநாள் தானே வந்து உட்கார்ந்தார். ஸ்டீரிங் இடது பக்கம் இருப்பது அவருக்கு ஒப்பவில்லை. பிரிட்டனுக்குப் போனால் நம் ஊர் மாதிரி வலப்பக்கம் வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஓட்டலாம் என்றதும், “அப்ப லண்டன் பக்கமே ஓட்டு, எதுக்கு அங்க போற” என்றார். அது வசதியும்கூட. இந்த ஆட்டத்தில் ஐரோப்பாவை 19-ல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள், பிரிட்டனை மட்டும் 15-ல் ஒரு பங்கு. ரோடு கொஞ்சம் நீளம். ரவுண்டானாக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் அவர் பாலக்கரை ரவுண்டானாவோடு ஒப்பிட்டு மார்க் போட்டார்.

ஓட்டுவதில்தான் சிக்கல். கீபோர்டில் தட்டினால் லாரி வெடுக்கென்று திரும்பியது, அவருக்கு ஆகவில்லை. மவுஸை நகர்த்தி ஸ்டீரிங் பிடிக்கும் வழி இருக்கிறது. அம்மாவின் முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் மவுஸ். பிரம்புப் பின்னலில் மவுஸ் தடுக்கியது, பழைய காலண்டர் அட்டையை அதன்மேல் போட்டோம். இரண்டு கையும் அதிலேயே இருந்ததால் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் என்னிடம். அவர் திருப்புவார், நான் மிதிப்பேன். “விடு” என்றால் டபிள்யூ. “புடி” என்றால் எஸ். கிளீனர் பையனுக்கும் இந்த வேலை கிடையாது.

அரை மணி நேரம் ஓட்டியிருப்பார். மவுஸை விட்டுவிட்டு, “தம்பி, ஸ்டீரிங்ல ப்ளே ஜாஸ்தியா இருக்கு” என்றார்.

சிரித்துவிட்டேன். தேய்ந்த ஸ்டீரிங்கில் திருப்பத் தொடங்கியதற்கும் சக்கரம் திரும்புவதற்கும் நடுவே ஒரு வெறுமை இருக்கும், கை ஓடும், வண்டி ஓடாது. டிரைவர்கள் அதற்குச் சொல்லும் பெயர் ப்ளே. கம்ப்யூட்டர் லாரியில் ஏது தேய்மானம்? ஆனால் மவுஸை நான் வாங்கி மெல்ல ஆட்டிப் பார்த்தேன். கை நகர்ந்தது, பிறகுதான் திரை நகர்ந்தது. வாத்து விழாத அதே தாமதம். டிவி ஒவ்வொரு படத்தையும் பிடித்துவைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தது. சினிமா பார்க்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. செட்டிங்கில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருந்தது, மெருகு வேலையெல்லாம் நிறுத்திவிட்டு வந்த படத்தை வந்தபடி காட்டும். போட்டேன். நிறம் கொஞ்சம் வெளுத்தது. அப்பா மவுஸைத் தொட்டார், இடமும் வலமும் ஆட்டினார். “இப்ப டைட்டு.”

பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி நொடிக்கு 22 மீட்டர் போகும். இப்படி மெருகேற்றும் டிவிகளில் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கு இருப்பது சகஜம், அதில் 2 மீட்டருக்கு மேல். நான் அத்தனை நாள் அந்த 2 மீட்டரோடு விளையாடியும் உணரவில்லை.

ஆட்டத்தில் அவருக்குப் பிடிக்காதவையும் இருந்தன. தூக்கம் வந்தால் டிரைவர் கொட்டாவி விடுகிறான், படுக்கச் சொல்லி எச்சரிக்கை வருகிறது. அங்கே நிஜத்திலேயே சட்டம் அப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரம்தான் என்றேன். “மீதிக் காசு யார் குடுப்பா?” என்று கேட்டார். டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்துவது அவருக்கு வரவே இல்லை. டிப்பரில் அந்த மடிப்பு கிடையாது. முப்பது வருட லைசென்ஸ்காரர் பர்மிங்காமில் ஒரு கிடங்கு வாசலில் முக்கால் மணி நேரம் மடங்கி நின்றதை அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“எல்லாம் சரி, ஆளே குறுக்க வரல” என்றார் ஒரு நாள். “ஆடு வரல. டிவிஎஸ் பிப்டில நாலு பேரு வரல. இதெல்லாம் ஒரு ரோடா.”

ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். ஊருக்குள் நுழையும்போதெல்லாம் அவர் “புடி” என்பார். நான் அமுக்குவேன். தேவையே இருக்காது, சிக்னல் பச்சையாக இருக்கும், முன்னால் வண்டி இருக்காது. முதலில் பழக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் ஊர் அல்ல, பஸ் என்று புரிந்தது. ஓரமாக பஸ் நின்றால் அவர் கை மவுஸில் இறுகும்.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை, எடின்பரோவுக்குச் சிமெண்ட் லோடு. கார்லைல் தாண்டி இருட்டிவிட்டது, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து லாரி எடுக்கலாம் என்று அவருக்குப் போன் வந்திருந்தது. ஊர் எல்லையில் பஸ் ஒன்று விளக்கோடு நின்றது.

“புடி.”

“யாரும் இல்லப்பா.”

“பின்னாடிலேருந்து வரும். புடி.”

நான் எஸ்ஸை அமுக்கினேன். லாரி பெருமூச்சு விட்டு நின்றது. பஸ்ஸைச் சுற்றி ஒருவரும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.